விண்கல்லைத் தொட்டால் கதிர்வீச்சு தாக்குமா?

நம்பிக்கை: விண்கல் கதிர்வீச்சு உமிழும். தொட்டால் தோல் வெந்துவிடும், வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கே ஆகாது.

உண்மை: நம் பக்கத்திலேயே விழுந்த ஒரு விண்கல்லை எடுத்துக்கொள்வோம். நல்லம்பள்ளியைத் தொட்டுச் செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் தர்மபுரி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் பக்கம் போனால் சூளகிரி வரும். 2008 செப்டம்பர் 12 காலையில் அங்கே வானத்திலிருந்து கற்கள் விழுந்தன. மொத்த எடை சுமார் 110 கிலோ. 2004 வரை சூளகிரியும் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது என்பதால், இது நம் மண்ணின் கதைதான். எல்எல்6 என்ற கோண்டிரைட்டு வகையைச் சேர்ந்த கல் அது.

அத்தகைய கல்லில் கதிரியக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு? காஸ்மிக் கதிர்களால் உண்டான அலுமினியம்-26, ஒரு கிலோ கல்லில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 சிதைவு, அதாவது 1 பெக்கரல். இயல்பாகவே உள்ள பொட்டாசியம்-40 இன்னொரு 25 பெக்கரல் தரும். மற்றவற்றைச் சேர்த்தாலும் சில பத்துகளைத் தாண்டாது. நம் மாவட்டத்து வீடுகளில் படிக்கட்டுக்கும் சமையல் மேடைக்கும் பதிக்கும் கிரானைட்டில் பொட்டாசியம்-40 மட்டுமே கிலோவுக்கு 1000 பெக்கரல் வரை இருக்கும். அதன்மேல் மாவு பிசைகிறோம், குழந்தையை உட்கார வைக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. விண்கல்லின் கதிரியக்கத்தை அளக்க ஈயக் கவசத்துக்குள் கல்லை வைத்து நாள்கணக்கில், வாரக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கிறது. அவ்வளவு மெலிந்தது அது.

நம்பிக்கை: அந்தக் கதிரியக்கம் முழுவதும், கல் பிறந்தபோதே அதனுடன் பிறந்தது.

உண்மை: இந்தக் கற்கள் உருவாகி ஏறக்குறைய 456 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அலுமினியம்-26இன் அரை ஆயுள் 7 லட்சம் ஆண்டுகள்தான். பிறக்கும்போது இருந்த அலுமினியம்-26 எல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. இன்று கல்லில் அது இருக்கிறதென்றால், அண்மைக்காலம் வரை புதிதாக உண்டாகிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

உண்டாக்கியவை காஸ்மிக் கதிர்கள். பெரும்பாலும் புரோட்டான்கள், ஒளியை நெருங்கும் வேகத்தில் நட்சத்திர வெளியைக் கடந்து வருபவை. பூமியில் நமக்குக் காற்று மண்டலம் காவல். விண்வெளியில் அலையும் கல்லுக்கு அந்தக் காவல் கிடையாது. மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் வரை கதிர்கள் பாய்கின்றன. சிலிக்கன் அணுவில் மோதினால் அதிலிருந்து துண்டுகள் சிதறி அலுமினியம்-26 மிஞ்சலாம். மக்னீசியத்திலிருந்து சோடியம்-22 வரும், இரும்பிலிருந்து மாங்கனீசு-54, ஆக்சிஜனிலிருந்து பெரிலியம்-10.

இவற்றின் ஆயுள் ஒன்றுபோல் இல்லை என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு. பெரிலியம்-10க்கு அரை ஆயுள் ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டுகள். சோடியம்-22க்கு 2.6 ஆண்டுகள். மாங்கனீசு-54க்கு 312 நாட்கள். முதலாவது, கல்லின் நெடும்பயணத்தைச் சொல்லும். மற்ற இரண்டும் கடைசிச் சில ஆண்டுகளை மட்டும் சொல்லும். சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் அதன் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் தடுக்கும், சோடியம்-22 குறையும். சூரியன் அடங்கியிருந்தால் கூடும். ஆக, விழுந்த கல்லை வைத்தே சூரியன் எப்படி இருந்தது என்று படிக்கலாம்.

இந்தக் கலையில் இந்தியா பின்தங்கிய நாடு அல்ல. 1976 ஜனவரி 28 அன்று குஜராத்தின் தஜாலாவில் கற்கள் பொழிந்தன. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் அதே மாநிலத்தில்தான் இருந்தது. காஸ்மிக் கதிர் ஐசோடோப்பு ஆய்வின் உலக முன்னோடிகளில் ஒருவரான தேவேந்திர லால் அப்போது அதன் இயக்குநர். நரேந்திர பண்டாரியும் சக ஆய்வாளர்களும் கற்களில் இருந்த ஐசோடோப்புகளை அளந்தார்கள். காஸ்மிக் கதிர்கள் படிகங்களில் விட்டுச்சென்ற தடங்களை எண்ணி, காற்றில் எரிந்துபோன பகுதி எவ்வளவு என்றும் கணக்கிட்டார்கள்.

நம்பிக்கை: விண்கல்லில் இரிடியம் இருக்கிறது. நாசா கோடிக்கணக்கில் வாங்கிக்கொள்ளும்.

உண்மை: கோண்டிரைட்டு ஒரு டன் இருந்தாலும் அதில் இரிடியம் ஒரு கிராம்கூடத் தேறாது. இயற்கை இரிடியம் கதிரியக்கம் உள்ளதும் அல்ல. அரிசியை ஈர்க்கும் "ரைஸ் புல்லிங்" கலசம், இடி விழுந்த செம்பு, அதில் இரிடியம், நாசா வாங்கும் என்றெல்லாம் சொல்லி, கவச உடை மாட்டிக்கொண்டு "கதிர்வீச்சுப் பரிசோதனை" நடத்துவது பச்சை மோசடி. நிலத்தை விற்று இதில் பணம் கட்டுபவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. எவராவது முன்பணம் கேட்டால் நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள்.

நம்பிக்கை: வயலில் கிடக்கும் கறுத்த, கனத்த கல் எல்லாம் விண்கல்.

உண்மை: பெரும்பாலும் இரும்புச் சிட்டம். நம் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இரும்பு உருக்கியிருக்கிறார்கள். காந்தம் ஒட்டுவதை வைத்து முடிவு செய்ய முடியாது. விண்கல்லா இல்லையா என்ற தகராறு பெரிதாக எழுந்ததும் உண்டு. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஓர் உயிர் போனது. விண்கல் என்று அரசு அறிவித்தது. தரையில் நடந்த வெடிப்பைப் போலத் தெரிகிறது என்றனர் நாசா விஞ்ஞானிகள். இப்படிப்பட்ட தகராறைத் தீர்க்க வல்லது சோடியம்-22. புதிதாக விழுந்த விண்கல்லில் அது இருக்கும், சிட்டத்திலோ ஊர்க் கல்லிலோ அளக்கும் அளவுக்கு இருக்காது.

எனவே ஒரு வேண்டுகோள். நம் பக்கம் எப்போதாவது கல் விழுந்தால் கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள், காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள். விழுந்த நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொண்டு, சுத்தமான உறையில் சுற்றி, அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். அங்கிருந்து அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போகும். தாமதம் கூடாது: காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் இன்னொரு ஐசோடோப்பான வனேடியம்-48இன் அரை ஆயுள் 16 நாட்கள்தான். பூஜை அறையில் இரண்டு மாதம் வைத்திருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.