எத்தனை ஃபைல் திறக்கவில்லை? அதை முதலில் எண்ணுங்கள்

சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசி மாதங்களில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி ஸ்டுடியோக்களுக்கு ஒரே கல்யாணத்திலிருந்து இரண்டு மூன்று பேருடைய மெமரி கார்டுகள் வந்து சேரும். ஒருவர் கேனான், இன்னொருவர் நிக்கான், கேண்டிட் எடுக்க வந்தவர் சோனி. ஆல்பம் டிசைனர் கேட்பது ஜேபெக். கையில் இருப்பவை சிஆர்3, நெஃப், ஏஆர்டபிள்யூ என்று ஆளுக்கொரு ரா ஃபைல். மாற்றிக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் கடையில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். ‘ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்று திரையில் வந்ததும், கார்டு போச்சு என்று முதலாளியிடம் ஓடாதீர்கள். எஸ்டி கார்டாக இருந்தால் அதன் ஓரத்தில் உள்ள பூட்டைத் தள்ளி, தனியே எடுத்து வையுங்கள். பிறகு எத்தனை ஃபைல் மறுக்கிறது என்று எண்ணுங்கள். கோளாறு எங்கே என்பதை அந்த எண்ணிக்கையே பாதி சொல்லிவிடும்.

ஒரு கேமராவின் ஃபைல்கள் அத்தனையும் திறக்கவில்லையா? கார்டைச் சந்தேகிக்க வேண்டாம். உங்கள் மென்பொருளுக்கு அந்தக் கேமராவைத் தெரியவில்லை. கேனானின் சிஆர்3 வடிவம் 2018-இல் இஓஎஸ் எம்50 கேமராவோடு வந்தது. பல கடைகளில் இன்றும் ஓடும் லைட்ரூம் 6-க்குப் புதிய கேமராக்களைச் சேர்ப்பதை அடோபி 2017 டிசம்பரோடு நிறுத்திக்கொண்டது. அந்த மென்பொருளை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் சிஆர்3 திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் பழைய பதிப்புக்கு ஏற்ற அமைப்பைத் தேர்ந்து, ஃபைல்களை டிஎன்ஜி ஆக்கிக்கொண்டு உள்ளே கொண்டுவரலாம். அதில் ஃபைலைத் தனித்தனியாகத் தேர்வு செய்ய முடியாது, ஃபோல்டரைத்தான் காட்ட வேண்டும். தேர்வு சாளரத்தில் ஃபோல்டர் காலியாகத் தெரிவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம்.

கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ என்று கம்பெனிகளே இலவச மென்பொருள் தருகின்றன. சந்தேகம் வந்தால் அதில் திறந்து பாருங்கள். அங்கே திறந்துவிட்டால் ஃபைலில் பழுதில்லை. ஃபைல் பெயரின் கடைசியில் சிஆர்3 என்பதை ஜேபெக் என்று மாற்றி எழுதுவது மட்டும் எதையும் தீர்க்காது. சிரிக்காதீர்கள், செய்கிறார்கள்.

நூற்றுக்கணக்கில் ஒன்றிரண்டு மட்டும் மறுத்தால் அது வேறு கதை. அங்கே ஃபைலே சிதைந்திருக்கும். சின்னப் படமாகப் பளிச்சென்று தெரிகிறது, பெரிதாக்கினால் பாதி சாம்பல் நிறம் அல்லது இளஞ்சிவப்புக் கோடுகள். காரணம், ரா ஃபைலுக்குள் கேமராவே ஒரு ஜேபெக் முன்னோட்டத்தையும் வைக்கிறது. உங்களுக்கு முதலில் தெரிவது அது. சிதைந்தது அதற்குப் பின்னால் இருக்கும் சென்சார் தரவு. பக்கத்துப் படங்களோடு ஃபைல் அளவை ஒப்பிடுங்கள். மற்றவை 28 எம்பி, இது 9 எம்பி என்றால் காப்பி பாதியில் நின்றிருக்கிறது. கரண்ட் போயிருக்கலாம், ஹார்ட் டிஸ்க்கை அவசரமாகப் பிடுங்கியிருக்கலாம், கார்டு ரீடர் தேய்ந்திருக்கலாம். வேறொரு ரீடரில், நேரே கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்குக்கு மறுபடி காப்பி எடுங்கள். முதலில் எடுத்ததன் மேல் எழுதாமல், புது ஃபோல்டரில்.

கார்டிலேயே சிதைந்திருந்தால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது. அதுவும் கைவிட்டால் எக்ஸிஃப்டூல் வைத்து உள்ளேயிருக்கும் முன்னோட்டத்தை உருவி எடுக்கலாம். பல கேனான், நிக்கான் கேமராக்கள் முழு அளவு ஜேபெக்கையே உள்ளே வைத்திருக்கும். தாலி கட்டும் நொடியின் படம் அப்படியாவது கிடைத்தால் ஆல்பம் தப்பும்.

மூன்றாவது வகை: முதல் முந்நூறு படம் நன்றாக மாறி, பிறகு எல்லாமே தோற்பது. இடம் தீர்ந்துவிட்டது. 24 மெகாபிக்சல் படத்தைச் சுருக்காத 16 பிட் டிஃப் ஆக்கினால், பிக்சலுக்கு 6 பைட் வீதம் ஒன்றே 144 எம்பி. ஆயிரம் படத்துக்கு 144 ஜிபி. ஆல்பத்துக்கு ஜேபெக் போதும் என்கிற இடத்தில் டிஃப் போட்டு டிஸ்க்கை நிரப்பிவிட்டு, மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

கார்டுகளில் இருந்ததைவிட ஃபோல்டரில் எண்ணிக்கையே குறைந்தால் பெயர்களைப் பாருங்கள். இரண்டு கேனான் கேமராக்கள் ஐஎம்ஜி என்று தொடங்கும் ஒரே பெயர்களைத் தரக்கூடும். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்று மற்றொன்றை விழுங்கும். கேமராவுக்கு ஒரு ஃபோல்டர் வையுங்கள். ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தால் சில பழைய மென்பொருள்கள் உள்ளே நுழையவே மறுக்கும். வருத்தம்தான், ஆனாலும் வேலை முடியும்வரை ஆங்கில எழுத்தில் சுருக்கமான பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

எரர் எதுவும் காட்டாமல் வரும் தவறுகள்தான் கடையின் பெயரைக் கெடுக்கும். தங்க ரேக்கு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியத்தையோ, நெற்றிச்சுட்டியையோ எடுத்த படத்தில் மின்னும் இடமெல்லாம் மெஜந்தாவாக மாறியிருக்கும். வெளிச்சம் மிகுந்த இடத்தில் சென்சாரின் மூன்று நிறங்களும் ஒரே உச்சத்தில் முட்டி நிற்கின்றன. வைட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் பெருக்க, பச்சை பின்தங்கிவிடுகிறது. ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் அமைப்பை இயக்கினால் பெரும்பாலும் அடங்கும். அரக்குப் பட்டுப்புடவை பிரிண்டில் சோர்ந்து வந்தால், புரோஃபோட்டோ அல்லது அடோபி ஆர்ஜிபியில் ஏற்றுமதி செய்திருப்பீர்கள். லேபுக்கு எஸ்ஆர்ஜிபியில் அனுப்புங்கள்.

இந்தக் கைப்பழக்கத்துக்கு ஸ்டுடியோவுக்கு வெளியேயும் வேலை உண்டு. பிரிட்டிஷ் நூலகம் 2004-இல் தொடங்கிய அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களை எண்ணிமமாக்கியிருக்கிறது. இத்தகைய பணிகளில் ராவில் எடுத்து டிஃப் ஆக மாற்றி ஒப்படைப்பது வழக்கம். நொறுங்கும் பழைய படத்தையோ ஓலைச்சுவடியையோ இன்னொரு முறை எடுக்கச் சொல்ல முடியாது என்பதால், அந்த வேலைக்கான நேர்முகத்தில் உங்கள் ஃபோட்டோஷாப் வித்தையைவிடப் பதிவேட்டுப் பழக்கத்தைத்தான் கேட்பார்கள். காப்பி முடிந்ததும் மூல ஃபைலுக்கும் நகலுக்கும் செக்சம் எண் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது, எந்த ஃபைல் ஏன் தோற்றது என்று அன்றே எழுதிவைப்பது, இரண்டு நகல் உறுதியான பிறகே கார்டை ஃபார்மட் செய்வது. இவற்றைக் கல்யாண வேலையிலேயே பழகிக்கொள்ளுங்கள், முதலாளி கேட்காவிட்டாலும்.

மென்பொருளைப் புதுப்பிப்பதற்கும் காலம் உண்டு. முகூர்த்தங்களுக்கு நடுவே அப்டேட் பொத்தானைத் தொடவே வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காலியாக இருக்கும், அப்போது செய்யுங்கள். அடுத்த சீசனுக்கு வரப்போகிற கேமராக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அப்போதே ஒரு ரா படம் வாங்கி மாற்றிப் பாருங்கள். நிக்கான் இசட்9 வைத்திருப்பவரிடம், ‘அண்ணே, ஹை எஃபிஷியன்ஸி வேண்டாம், லாஸ்லெஸ்ல வச்சுக்குங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல இலவச மென்பொருள்களுக்கு அந்தச் சுருக்கமுறை பிடிபடுவதில்லை.