பார்க்காத ஊருக்குத் திரும்பியவர்கள்: இடம்பெயர்தல் பாடத்தில் ஒரு வகுப்பறை அனுபவம்

நீலகிரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். எட்டாம் வகுப்பில் இடம்பெயர்தல் பாடத்தைப் பல ஆண்டுகள் ஒரே முறையில்தான் நடத்தினேன். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து உந்து காரணிகள், ஈர்ப்புக் காரணிகள் என்று எழுதுவேன். மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார்கள்.

ஒரு நாள் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்களைத் தாயகம் திரும்பியோர்னு சொல்றாங்க. எங்க பாட்டி பொறந்ததே கண்டியிலதான். 16 வயசுல கப்பல்ல வந்தப்போதான் இந்தியாவையே முதல்ல பார்த்தாங்களாம். பார்க்காத ஊருக்கு எப்படி டீச்சர் திரும்ப முடியும்?"

பின்வரிசையில் ஒருவன் "சிலோன்காரி" என்று முணுமுணுத்தான். சிலர் சிரித்தார்கள். அவளுடைய கேள்விக்கு என் இரண்டு பட்டியல்களிலும் இடமில்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று உட்காரவைத்தேன்.

மறுநாள் பாடத்தை நான்கு கட்டங்களாக மாற்றி அமைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் மாணவர்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: முடிவு செய்தது யார்? சுமந்தது யார்?

1. ஆள் சேர்ப்பு: 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் தமிழக ஊர்களிலிருந்து ஆள் திரட்டினர். வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடனாயிற்று. கடன் தொகை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆள் மாற முடியும். 1921இல்தான் இம்முறை ஒழிக்கப்பட்டது.

2. குடியுரிமை: இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர்.

3. ஒப்பந்தம்: 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியா ஏற்பது 5,25,000 பேர். இலங்கை ஏற்பது 3,00,000 பேர். முடிவாகாதவர் 1,50,000 பேர். மாணவர்களையே கூட்டச் சொன்னேன்: 9,75,000. எஞ்சியவர்களை 1974இல் ஆளுக்கு 75,000 என்று இரு நாடுகளும் பிரித்துக்கொண்டன. எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் மக்களிடம் விண்ணப்பம் வாங்கினார்கள் என்பதை இங்கே சுட்டிக்காட்டினேன்.

4. திரும்புதல்: தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம். சிலருக்கு, அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. பலருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். கொழுந்து பறித்துப் பழகிய கைகள் கடை நடத்தத் தெரியாமல் திணறின. பிழைப்புத் தேடிப் பலர் தாமாகவே இந்த மலைக்கு வந்து சேர்ந்தனர்.

பாடம் முடிந்ததும் சிரித்தவர்களில் ஒருவன் கையை உயர்த்தினான். அவனுடைய அப்பா குவைத்தில் வேலை பார்க்கிறார். "எங்கப்பாவும் ஏஜென்ட்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கித்தான் போனாரு டீச்சர். கடன் அடையாம வர முடியாதுங்கிறாரு. அதுவும் துண்டு மாதிரிதானா?" நான் எழுதிப்போடாத ஒப்பீட்டை அவனே செய்துவிட்டான்.

வீட்டுப்பாடமாக மூத்தோரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவரச் சொன்னேன்: போகலாம் என்று முடிவெடுத்தது யார்? கையில் என்ன கொண்டுவந்தீர்கள்? வந்த இடத்தில் என்ன கிடைத்தது? அந்த மாணவி எழுதிவந்த முதல் விடை: "எங்க அப்பா பேர் பதிஞ்சாரு. என்னைய யாரும் கேக்கல."

அவளுடைய கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: 'திரும்பியோர்' என்பது அரசுகள் வைத்த பெயர். உன் பாட்டியைப் பொறுத்தவரை அது திரும்புதல் அல்ல. பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டது.

இச்செயல்பாட்டை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். ஆவணங்களை எடுத்துவரும்படி கட்டாயப்படுத்த வேண்டாம். சான்றிதழ் சிக்கலில் தவிக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. யார் வீட்டுக் கதை என்பதை அவர்கள் விரும்பினால் மட்டும் வகுப்பில் சொல்லட்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், வடமாநிலத்திலிருந்து நம் ஊருக்கு வந்தவர் என எந்த ஊரிலும் இந்த நான்கு கட்டங்களுக்கு எடுத்துக்காட்டு கிடைக்கும். இரண்டு பாடவேளை போதும். காரணிகளின் பட்டியலைக் கடைசியில் எழுதிப்போடுங்கள். அதற்குள் பாதியை மாணவர்களே சொல்லியிருப்பார்கள்.