கருவி தந்த குறள்

நுழையும்முன்

கேட்ட நொடியில் கட்டுரை, கவிதை, விளக்கம் எனப் பலவற்றையும் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று மாணவர் கைக்கு வந்துவிட்டன. பலர் கூடிக் கற்கும் இடத்தில் அவற்றைப் பொறுப்போடு பயன்படுத்தும் முறையை இப்பாடம் உணர்த்துகிறது.

சுவரில் ஒரு குறள்

தமிழகத்திற்கு வெளியே, ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பை எண்ணிப் பார்க்கலாம். தமிழை விருப்பப் பாடமாகப் பயில்வோர் அங்குப் பன்னிருவர். நூலகத்தில் தமிழ் நூல்கள் மிகச் சிலவே. சுவரிதழுக்காகக் கல்வியைப் பற்றிய குறள் ஒன்றைத் தேடிய மாணவி, செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டாள். இரண்டு அடிகள் உடனே வந்தன. கருத்தும் இனிமையாக இருந்தது. ‘கல்வி அதிகாரம், குறள் எண் 452’ என்னும் குறிப்பும் உடன் வந்தது. அவள் அதனை அழகிய கையெழுத்தில் எழுதி ஒட்டினாள். ஏழாம் வகுப்பு மாணவர்கள் அதைத் தம் ஏடுகளில் படியெடுத்துக்கொண்டனர்.

மூன்றாம் நாள், யாப்பிலக்கணம் பயின்ற தோழன் ஒருவன் அதன் முன் நின்று சீர்களை எண்ணினான். குறள் வெண்பாவின் முதலடியில் நான்கு சீர்களும் இரண்டாம் அடியில் மூன்று சீர்களும் அமையும். அங்கோ எட்டுச் சீர்கள் இருந்தன. ஐயம் கொண்டவன் எண்ணையும் கணக்கிட்டான். திருக்குறளில் 133 அதிகாரங்கள். அதிகாரத்திற்குப் பத்தாக 1330 குறள்கள். ‘கல்வி’ 40ஆம் அதிகாரம். அதன் குறள்கள் 391 முதல் 400 வரை. 452 என்னும் எண்ணோ 46ஆம் அதிகாரமாகிய ‘சிற்றினம் சேராமை’க்கு உரியது. வள்ளுவர் எழுதாத குறள், அவர் பெயரால் மூன்று நாள் சுவரில் இருந்திருக்கிறது!

கருவி பிழைத்தது ஏன்?

இத்தகைய கருவி, பெருந்தொகையான எழுத்துகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் எனக் கணித்துத் தொடரை வளர்ப்பதே அதன் இயல்பு. குறள் போல ஒலிப்பதை அது ஆக்கும். ஆக்கியது குறள்தானா என்பதற்கு அதன் சொல் சான்றாகாது. பயிற்சிக்குக் கிடைக்கும் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு. ஆதலின் தமிழில் பிழை நேரும் வாய்ப்பு மிகுதி.

கற்றோரும் இதில் இடறியுள்ளனர். நியூயார்க்கில், சாட்ஜிபிடி புனைந்து தந்த தீர்ப்புகளை உண்மையெனக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023இல் நீதிமன்றம் 5000 டாலர் தண்டம் விதித்தது. அவர்களுள் ஒருவர், ‘இவை உண்மையானவையா?’ என்று அக்கருவியையே கேட்டிருந்தார். ‘ஆம்’ என்றது அது. கருவியின் துணையை நாடுவது தவறன்று; சரிபாராமல் முன்வைத்ததே தவறு என்பது அத்தீர்ப்பு தரும் பாடம்.

மாணவி செய்தது

அந்தத் தாளை ஓசையின்றிக் கிழித்துவிடலாம் என்றே மாணவி முதலில் எண்ணினாள். ஆயின், ஏழாம் வகுப்பின் ஏடுகளில் அப்பிழை நிலைத்துவிடும் அன்றோ? அவள் அவ்வகுப்பிற்கே சென்று, “நான் சரிபாராமல் எழுதிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள்” என்றாள். சீர் எண்ணும் முறையையும் கற்றுத் தந்தாள். பின்னர், பன்னிருவரும் கூடி நான்கு நெறிகளை வகுத்தனர்:

1. முதலில் தாமே முயல்வது. பிறகே கருவியை நாடுவது.
2. கருவி தந்ததை நூலோடு ஒப்பிடுவது. அல்லது ஆசிரியரிடம் கேட்பது.
3. கருவியின் துணை பெற்றிருந்தால் அதனை வெளிப்படையாகக் குறிப்பிடுவது.
4. தோழர்களின் பெயர், படம், மதிப்பெண் ஆகியவற்றைக் கருவியில் இடாதிருப்பது.

கூடிக் கற்போர் ஒருவர் சொல்லை மற்றவர் நம்புகின்றனர். ஒருவரின் கவனக்குறைவு பலருக்குப் பாடமாகிவிடும். ஒருவரின் விழிப்பு பலரைக் காக்கும்.

சொற்பொருள்

படியெடுத்தல் – பார்த்து எழுதுதல். ஐயம் – சந்தேகம். தண்டம் – அபராதம். நெறி – வழிமுறை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குறள் வெண்பாவில் எத்தனை சீர்கள் அமையும்?
2. கருவியின் விடையை அக்கருவியிடமே கேட்டுச் சரிபார்ப்பது ஏன் போதாது?

ஆ. குறள் எண் 785 எத்தனையாவது அதிகாரத்தில் அமையும்? கணக்கிட்டு எழுதி, அதிகாரத்தின் பெயரை நூலில் காண்க.

இ. மாணவி ஏழாம் வகுப்பிற்குச் சென்றிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும்? ஒரு பத்தியில் சொந்தமாக எழுதுக.