காரம் இல்லாமல் சோப்பு இல்லை

‘ரசாயனமே சேர்க்காத கைவினைச் சோப்பு.’ மகளிர் குழுக் கண்காட்சிகளிலும் இயற்கை அங்காடிகளிலும் இந்த வாசகத்தைப் பார்க்காதவர் குறைவு. குப்பைமேனி, ஆவாரம்பூ, ஆட்டுப்பால், நலங்கு மாவு என்று மேலே எந்தப் பெயர் இருந்தாலும் அடியில் இந்த வரி இருக்கும். வீட்டில் சோப்பு செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களை முதலில் குழப்புவதும் இந்த வரிதான். சோப்பு என்பதே ஒரு ரசாயன மாற்றத்தில் பிறப்பது. எண்ணெயும் காரமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. கட்டிச் சோப்புக்கு அந்தக் காரம் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. திரவச் சோப்புக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. உலகத்தில் எந்த மூலையில் எந்த மூலிகையைப் போட்டுச் செய்தாலும் காரம் இல்லாமல் சோப்பு இல்லை.

இதைக் கேட்டதும் சிலர் இந்த வேலையையே விட்டுவிடுகிறார்கள். சாக்கடை அடைப்பு எடுக்கும் காஸ்டிக்கையா குழந்தை உடம்பில் தேய்ப்பது என்று பயம். பயம் நியாயமானது, ஆனால் அது போய் நிற்கும் இடம் தவறு. காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கும் என்பது உண்மை. சரியான அளவில் போட்ட காஸ்டிக் சோடா, செய்து முடித்த சோப்பில் இருக்காது என்பதும் அதே அளவு உண்மை. அது முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து வேறு பொருளாகியிருக்கும். ‘சரியான அளவில்’ என்ற அந்த இரண்டு சொற்களில்தான் இந்தக் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. வீட்டுச் சோப்பின் தரத்தை முடிவு செய்வது இயற்கையா செயற்கையா என்ற வாதம் அல்ல, தராசு.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு கிலோ நல்லெண்ணெய்க்கு 134 கிராம் போதும். விளக்கெண்ணெய்க்கு 128. ‘எண்ணெய் எதுவானால் என்ன, இருப்பதை ஊற்று’ என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த எண்களே சொல்லும். தேங்காய் எண்ணெய்க் குறிப்பை வைத்துக்கொண்டு நல்லெண்ணெயை ஊற்றினால் கிலோவுக்கு ஏறத்தாழ 50 கிராம் காஸ்டிக் சோடா மிச்சமாகும். அந்தக் கட்டி தோலை அரிக்கும். மாற்றிச் செய்தால் ஆபத்தில்லை, ஆனால் கால் பங்குக்கு மேல் எண்ணெய் மாறாமல் நின்று, பிசுபிசுவென்று கொழகொழத்த ஒன்று கிடைக்கும்.

அளவுக் கோப்பையால் அளந்தால் போதும் என்பது இதைவிட நுட்பமான தவறு. நம் கடைகளில் எண்ணெய் பெரும்பாலும் லிட்டர் கணக்கில் கிடைக்கிறது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை சுமார் 920 கிராம்தான். வீட்டில் செய்பவர்கள் பாதுகாப்புக்காக 5 சதவீத எண்ணெய் மாறாமல் மிஞ்சும்படி காரத்தைக் குறைத்துப் போடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் கிலோவுக்கு 174 கிராம். லிட்டரைக் கிலோ என்று எண்ணி இதே 174 கிராமைப் போட்டால் என்ன ஆகும்? 920 கிராம் எண்ணெய் முழுவதும் மாறுவதற்கே 168 கிராம் போதும். பாதுகாப்புக்காக விட்ட இடைவெளி முழுவதும் போய், அதற்கு மேல் ஐந்தாறு கிராம் காரம் சோப்பில் தங்கிவிடும். கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கரைக்கும்போது காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அடுப்பில் வைக்காமலே கரைசலின் சூடு 80 டிகிரிக்கு மேல் ஏறும். ‘பழைய அலுமினியச் சட்டியில் செய்யலாம், கெட்டால் தூக்கிப் போடலாம்’ என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரிக்கும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும் வாயு. எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. அடைப்பு நீக்கும் பொடிகள் சிலவற்றில் அலுமினியத் துகள்களைக் கலந்திருப்பார்கள், அவற்றைச் சோப்புக்கு வாங்கவே வேண்டாம்.

கையில் பட்டால் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றினால் காரம் முறிந்துவிடும் என்பது பலரும் நம்பும் முதலுதவி. அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் பிறக்கும். வெந்த தோலில் அது இன்னொரு காயம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் வெகுநேரம் கழுவுவது. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்பட ஏற்பாடு செய்ய வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

‘நம் முன்னோர் இயற்கைச் சோப்புதானே போட்டார்கள்?’ என்ற கேள்வி அடிக்கடி வரும். நம் வீடுகளில் எண்ணெய்க் குளியலுக்கு இருந்தவை சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை. அவற்றில் நுரைப்பது சபோனின் என்ற தாவரப் பொருள். அது சோப்பு அல்ல, அதற்குக் காரமும் தேவையில்லை. துணிக்குச் சலவைத் தொழிலாளர்கள் பயன்படுத்தியது உவர்மண். அந்த மண்ணில் இருக்கும் கார உப்புகள்தான் வெள்ளாவியில் அழுக்கை எடுத்தன. சோப்பு இந்த மரபிலிருந்து வந்ததல்ல. அதற்காக அது தாழ்ந்ததும் அல்ல. சீயக்காயை அரைத்துத் தேய்க்க விரும்புகிறவர் தாராளமாகத் தேய்க்கலாம், அதற்குச் சோப்பின் வேஷம் தேவையில்லை.

சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் உலர வைக்கச் சொல்வது ஏன்? காரம் போவதற்கு என்றே பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். காரம் எண்ணெயோடு சேரும் வேலை முதல் ஓரிரு நாளிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். பிறகு நடப்பது தண்ணீர் வற்றுவதும் கட்டி இறுகுவதும். நன்றாக உலர்ந்த சோப்பு குளியலறையில் சீக்கிரம் கரையாது, நுரையும் நயமாக இருக்கும். சிரியாவின் அலெப்போ நகரத்து ஆலிவ் எண்ணெய்ச் சோப்பை, காற்று போய்வரும்படி கோபுரம் கோபுரமாக அடுக்கி மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அந்தக் கைத்திறன் 2024இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இதில் முக்கியமான மறுபக்கம் ஒன்று: காரம் அதிகமாகிப்போன சோப்பை எத்தனை வாரம் வைத்தாலும் அது நல்ல சோப்பாகிவிடும் என்று நம்ப முடியாது. சூடு செய்து ஒரே நாளில் முடிக்கும் முறையிலும் உலர்த்தும் காலம் வேண்டும், அதிலும் தண்ணீர் இருக்கிறதே. மழைக்காலத்தில் சென்னை போன்ற கடலோர ஊர்களில் சோப்பின் மேல் முத்து முத்தாகப் பூக்கும் ஈரம், காற்றின் ஈரத்தைக் கிளிசரின் இழுப்பதால் வருவது. மேலே படியும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் சோடியம் கார்பனேட். இரண்டுமே சோப்பு கெட்டதற்கு அடையாளம் அல்ல.

மஞ்சள் போட்டால் மஞ்சள் சோப்பு வரும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் பலர். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். காரம் பட்டால் மஞ்சளின் நிறம் சிவக்கும். சோப்புக் கலவையிலும் முதலில் செம்மண் நிறம் எழும்பி, பிறகு காவியாகத் தணியும், வெளிச்சத்தில் வெளுக்கவும் செய்யும். வேப்பிலையின் பச்சையும் நாளடைவில் பழுப்பாகும். ரோஜா இதழை மேலே பதித்தால் சில நாளில் கருத்துப்போகும். ஆட்டுப்பாலை நேரடியாகக் காஸ்டிக்கில் ஊற்றினால் பாலின் சர்க்கரை கருகி நாறும். பாலைப் பனிக்கட்டியாக உறைய வைத்து, அதன் மேல் காரத்தைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரைப்பதே வழி.

நிறமே தாக்குப்பிடிக்காத இடத்தில் மருத்துவக் குணம் எவ்வளவு மிஞ்சும் என்று யோசிக்க வேண்டும். காரத்தில் வெந்து, தோலில் ஒரு நிமிடம் இருந்து, தண்ணீரோடு போய்விடும் குப்பைமேனியிடம் படை, சொறி தீரும் என்று எதிர்பார்ப்பது அந்த மூலிகைக்கே நியாயம் செய்வதாகாது. விற்கிறவர்களுக்கு இதில் சட்டமும் இருக்கிறது. நம் நாட்டில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள். விற்பனைக்குத் தயாரிக்க, 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில அரசின் உரிமம் வேண்டும். ‘தோல் நோயைக் குணப்படுத்தும்’ என்று அச்சிட்டால் அது மருந்துக்கான சட்டத்துக்குள் போய்விடும். தன் வீட்டுக்கும் உறவுக்கும் செய்கிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

‘கைவினைச் சோப்பு தோலின் பிஎச் அளவுக்குப் பொருந்தும்’ என்பதும் உண்மையல்ல. ஆரோக்கியமான தோல் ஏறக்குறைய 5 என்ற அளவில் லேசான அமிலத் தன்மை கொண்டது. நிஜமான சோப்பு எதுவானாலும் 9, 10 அளவில் காரத் தன்மையோடுதான் இருக்கும். 5.5 என்று விளம்பரம் செய்யும் கட்டிகள் வேறு வகைச் சலவைப் பொருள்களால் ஆனவை. எலுமிச்சைச் சாறு ஊற்றி அளவை இறக்கவும் முடியாது. 10 கிராம் சிட்ரிக் அமிலம் 6 கிராமுக்குச் சற்று அதிகமான காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொள்ளும், எண்ணெய்க்குப் போக வேண்டிய காரம் குறையும், அவ்வளவுதான். கைவினைச் சோப்பின் உண்மையான நயம் வேறிடத்தில் இருக்கிறது. எண்ணெய் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிறக்கும் கிளிசரின் அதிலேயே தங்கிவிடுகிறது. பெரிய ஆலைகள் பலவற்றில் அதைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்கிறார்கள். தோல் வறண்டால் எந்த எண்ணெயை எவ்வளவு மிச்சம் விடுவது என்று முடிவு செய்யும் உரிமையும் நம் கையில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் மட்டும் போட்ட சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், ஆனால் தோலை வறட்டும். அதில் 15, 20 சதவீத எண்ணெயை மிச்சம் விட்டால் குளித்த பின் தோல் இழுக்காது. எந்தக் கடையிலும் கிடைக்காத இந்தச் சுதந்திரத்துக்காகவே சோப்பு செய்யக் கற்றுக்கொள்ளலாம்.

காஸ்டிக் வேண்டாம் என்கிறவர்கள் சோப் பேஸ் வாங்கி உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். நல்ல பொழுதுபோக்கு, குழந்தைகளும் கூட இருந்து செய்யலாம். ஆனால் அந்தக் காரம் எங்கும் போய்விடவில்லை, நமக்கு முன்னால் ஆலையில் யாரோ அந்த வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சில பேஸ்களில் சோப்போடு வேறு நுரைப்பொருள்களும் கலந்திருக்கும். அதில் பச்சைக் கற்றாழையையும் வெள்ளரிச் சாற்றையும் சேர்ப்பதுதான் உண்மையில் தவிர்க்க வேண்டியது. அவை அழுகும், பூஞ்சை பிடிக்கும்.

சோப்பு செய்கிறவர்கள் மெழுகுவத்திக்கும் போவது இயல்பு. இரண்டுக்கும் வேரிலேயே உறவு இருக்கிறது. கொழுப்பு எதனால் ஆனது என்பதைச் சோப்பை ஆராய்ந்தே கண்டறிந்து 1823இல் நூலாக வெளியிட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரேல். அவரும் இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளரான கே-லுசாக்கும் 1825இல், கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டியரிக் அமிலத்தால் செய்யும் மெழுகுவத்திக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதுவரை விலங்குக் கொழுப்புத் திரிகளின் புகையையும் நாற்றத்தையும் சகித்த வீடுகளுக்கு அது பெரிய விடுதலை.

மெழுகுவத்தியில் எரிவது திரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திரி உருகிய மெழுகை உறிஞ்சி மேலே கொண்டுபோகிறது, அங்கே ஆவியாகும் மெழுகே எரிகிறது. அணைத்த உடனே திரியிலிருந்து எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் தாவி வந்து திரியில் உட்காரும். 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனில் இளையோருக்கு ஆற்றிய உரைகளில் மைக்கேல் ஃபாரடே இதைச் செய்துகாட்டினார். இது புரிந்துவிட்டால் ‘சோயா மெழுகு கரி விடாது, பாரஃபின் மட்டுமே விடும்’ என்ற பேச்சின் பலவீனமும் புரியும். திரி நீண்டு, சுடர் பெரிதாகி, ஆவி முழுவதும் எரியாமல் போனால் எந்த மெழுகும் கரி விடும். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்னும் திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்குவதே தீர்வு. தேன்மெழுகு காற்றைச் சுத்திகரிக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அதன் மணமும் அழகும் போதாதா?

நம் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சோயா மெழுகு பல 45 முதல் 50 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை வெயிலில் மூடிய காரில் வைத்தால் குழைந்துவிடும். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். 24 டிகிரியிலேயே உருகும் தேங்காய் எண்ணெயை மட்டும் வைத்து மெழுகுவத்தி செய்ய நம் ஊரில் வழியில்லை, அதற்கு அகல் விளக்கு இருக்கிறது. மெழுகுக்கு நிறம் தர கிரேயானைக் கரைப்பதும் வேண்டாம், அதன் நிறமித் துகள்கள் திரியை அடைக்கும். வாசனை எண்ணெயை அள்ளி ஊற்றினால் மணம் கூடாது. பெரும்பாலான மெழுகுகள் 6 முதல் 10 சதவீதம் வரைதான் ஏற்கும், மீதி கசிந்து மேலே நிற்கும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். அடுப்பை விட்டு நகரவும் கூடாது. மெழுகு எண்ணெயைப் போலத்தான், சூடு மிஞ்சினால் தானே பற்றிக்கொள்ளும். அப்போது தண்ணீர் ஊற்றி அணைக்கலாம் என்ற நம்பிக்கை இந்த இரண்டு கைவேலைகளிலும் உள்ள தவறுகளிலேயே மிக மோசமானது. தண்ணீர் எரியும் மெழுகுக்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, தீயை வாரி மேலே இறைக்கும். கேஸை மூடிவிட்டு, பாத்திரத்தைத் தூக்காமல், பொருந்தும் மூடி ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடி, ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும். அந்த மூடியை மெழுகு உருக்கத் தொடங்கும் முன்பே கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.