தெருவுக்கேற்ற எல்ம் மரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு ஊர்களில், முற்காலத்தே தெருவின் இருமருங்கும் நின்று நிழல் தந்தது எல்ம் என்னும் மரமாகும். அடிமரம் ஓங்கி, கிளைகள் பூச்சாடி போல விரிந்து, எதிர்மருங்கு மரத்தின் கிளைகளோடு கூடுதலின், தெரு முழுதும் பசும்பந்தர் இட்டாற்போலத் தோன்றும். நம் நாட்டு ஆயாமரமும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. சிறகு சூழ்ந்த அதன் வட்ட வித்தைக் கண்டோர் எல்ம் வித்தின் வடிவை ஒருவாறு உணரலாம்.

கனடா நாட்டுக் கடுங்குளிரையும், வெள்ளத்தையும், மிதிபட்டு இறுகிய நகரத்து மண்ணையும் பொறுக்கவல்ல இம்மரம் வீழ்ந்ததென்னை? மரச்சாமான் செய்வதற்கென ஐரோப்பாவினின்று வந்த எல்ம் கட்டைகளோடு ஒரு பூசணநோயும் வந்து புகுந்தது. 1930ஆம் ஆண்டில் ஒஹையோ மாகாணத்தில் அது காணப்பட்டது. ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர், அவருள்ளும் சிறப்பாகப் பெண்மணிகள், அதன் காரணத்தை ஆராய்ந்து கண்டமையின் அந்நாட்டின் பெயரே நோய்க்கு வழங்கலாயிற்று. உதவி செய்தோர்க்கு இது தக்க கைம்மாறன்று! பட்டையைத் துளைக்கும் சிறு வண்டுகள் நோயைச் சுமந்து செல்லும். நீரேறும் குழாய்கள் அடைபட, மரம் வாடும். அன்றியும், அருகருகே நட்ட எல்ம் மரங்களின் வேர்கள் மண்ணுள் ஒன்றோடொன்று ஒட்டி இணைவன. ஆதலின் வண்டின் துணையின்றியே நோய் வரிசை நெடுகப் பரவிற்று. தெருவுக்கு அழகு தந்த ஒழுங்கே அதற்குக் கேடாயிற்று.

இன்று நடக் கருதுவோர்க்கு நோய் தாங்கும் வகைகள் சில உள. 'பிரின்ஸ்டன்' என்பது 1922இல் நியூ ஜெர்ஸியில் வடிவழகு கருதியே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் தாங்கும் ஆற்றல் பின்னரே புலனாயிற்று. 2005இல் வெள்ளை மாளிகையின் முன்னுள்ள பென்சில்வேனியா அவென்யூவில் இதனையே நட்டனர். 'வேலி ஃபோர்ஜ்' என்பதனை அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தார் பல்லாயிரம் நாற்றுகளைச் சோதித்து 1995இல் வெளியிட்டனர். நோயைத் தாங்குவதில் அது மிகச் சிறந்ததாயினும், இளமையில் தாறுமாறாய்க் கிளைத்தலின், கத்தரித்துத் திருத்தாவிடின் காற்றில் பிளக்கும். கத்தரிப்பதும் குளிர்காலத்தே ஆதல் வேண்டும். வேனிற்காலத்துப் பச்சைப் புண்ணின் மணம் வண்டுகளை அழைக்கும்.

கத்தரித்துப் பேண ஆளுள்ளவிடத்து வேலி ஃபோர்ஜையும், இல்லாதவிடத்துப் பிரின்ஸ்டனையும் கொள்ளுதலே தக்கதென்பது எம் கருத்து. எனினும் தாங்குதல் வேறு, நோய் அணுகாமை வேறு. எவ்வகையாயினும் தெரு முழுதும் எல்மே நடுதல் ஆகாது. ஓக், மேப்பிள் முதலியவற்றை இடையிடையே வைத்தல் வேண்டும். நெடிதோங்கிப் பரவும் மரமாதலின், மின்கம்பியின் கீழ் நடுதலும் தவிர்க்கத்தக்கது.