சலவைத்தூளுக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள்?

சலவைத்தூள் விளம்பரங்களில் ‘பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டது’ என்கிறார்களே, உண்மையிலேயே துவைத்துப் பார்க்கிறார்களா? நான் வாங்கும் தூளை வீட்டில் சோதிக்க முடியுமா?

துவைக்கிறார்கள், ஆனால் மதிப்பெண் போடுவது கருவி. துவைக்கப் பயன்படும் டெர்கோடோமீட்டர் என்பது வெப்பம் மாறாத தண்ணீர்த் தொட்டிக்குள் குட்டி வாஷிங் மெஷின்களை வரிசையாக வைத்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு பாத்திரத்திலும் சுழன்று திரும்பும் துடுப்பு. எல்லாவற்றிலும் ஒரே வேகம், ஒரே கடினத்தன்மையுள்ள தண்ணீர். ரத்தம், தேநீர், எண்ணெய் என்று ஒரே அளவில் கறை ஏற்றிய துணித் துண்டுகள் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன என்று துவைக்கும் முன்னும் பின்னும் கருவியால் அளப்பார்கள். தூளை நிறுத்துப் போடுவதைக்கூட இப்போது இயந்திரக் கை செய்வதுண்டு.

ஒரு சூட்சுமம்: பல தூள்களில் ஒளிர்வூட்டி கலந்திருக்கும். அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக விடுவதால், அழுக்குப் போகாத துணியும் வெயிலில் பளிச்சென்று தெரியும். அதனால் புற ஊதாவை வடிகட்டிவிட்டு அளப்பார்கள்.

வீட்டிலும் தாராளமாகச் சோதிக்கலாம். பழைய வெள்ளை வேட்டியைத் துண்டுகளாக்கி, சாம்பார், டீ, எண்ணெய் தலா ஒரு ஸ்பூன் ஊற்றி ஒரு நாள் காயவிடுங்கள். தூளின் அளவு, தண்ணீர், ஊறும் நேரம் எதுவும் மாறக்கூடாது. ஒரு துண்டை வெறும் தண்ணீரில் அலசுங்கள். அதனோடுதான் மற்றவற்றை ஒப்பிட வேண்டும். நிழலில் உலர்த்தி, ஒளிர்வூட்டி ஏமாற்றாதபடி இரவில் எல்இடி விளக்கில் பாருங்கள். வெயிலில் உலர்த்தினால், சாம்பாரின் மஞ்சள் கறை வெயில் பட்டாலே வெளுக்கும். பெருமை தூளுக்குப் போய்விடும். ஊறும்போது அந்தக் கறை சிவந்தால் பதறாதீர்கள். தூளிலுள்ள காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், நன்றாக அலசினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.