கண்ணும் நோக்கும்

மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-ஆம் ஆண்டு, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். அவருடைய இளமையில், உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்தனர். ஊரில் மருத்துவர் இல்லை. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்னும் உறுதி அவருக்கு அத்துயரிலிருந்து பிறந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944-இல் பட்டம் பெற்ற அவர், படையில் மருத்துவராகப் பணியாற்றினார்.

அங்கிருந்தபோது முடக்குவாதம் அவரைத் தாக்கியது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார், கைவிரல்கள் கோணின. எழுதுகோலைப் பிடிப்பதே அரிதாயிற்று. மகப்பேறு மருத்துவக் கனவு கைநழுவவே, கண் மருத்துவத்தைக் கற்றார். தம் விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். பிணியாளரின் வலியை அவர் நூல்களில் மட்டும் கற்றவர் அல்லர்.

அரவிந்தரின் சிந்தனையில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. செய்யும் பணியே வழிபாடு என அவர் கருதினார். 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தாரின் துணையோடு மதுரையில் பதினொரு படுக்கைகள் கொண்ட கண் மருத்துவமனையைத் தொடங்கி, அரவிந்தர் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அம்மருத்துவமனையில் பொருள் உள்ளோர் கட்டணம் செலுத்துவர். இல்லாதோர் செலுத்த வேண்டியதில்லை. எந்தப் பிரிவுக்குச் செல்வது என்பதைப் பிணியாளரே முடிவு செய்வார். வறுமைக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. இதில் நுட்பமான அறம் ஒன்று உண்டு. ஏழை என்று மெய்ப்பிக்கச் சொல்வது, உதவி பெறவரும் மனிதரை முதலில் தலைகுனியச் செய்வதாகும். கட்டணப் பிரிவில் அறையும் கட்டிலும் உண்டு. இலவசப் பிரிவில் பாய் மட்டுமே. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அறுவை செய்யும் மருத்துவர்கள் இரு பிரிவிலும் முறைமாறிப் பணிபுரிவர். கைத்திறனில் பாகுபாடு இல்லை.

இலவசம் என்று அறிவித்தால் போதும், மக்கள் திரண்டு வருவர் என்று எவரும் எண்ணக்கூடும். நடந்தது வேறு. சிற்றூர்க் கண் முகாம்களில் அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு, துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலி, அறுவை பற்றிய அச்சம் ஆகியவை அவர்களைத் தடுத்தன. மூப்பு வந்தால் கண் மங்குவது விதி என்று நம்பிய முதியோரும் இருந்தனர். மருத்துவருக்கு ஓர் உலகநோக்கு இருப்பதுபோலப் பிணியாளருக்கும் ஒன்று உண்டு. அதனை அறியாமை என்று இகழ்ந்தால் முதியவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். எனவே மருத்துவமனையே பேருந்து அனுப்பியது. உணவும் தங்குமிடமும் அளித்தது.

சிற்றூர்ப் பெண்கள் பலர் அங்கே பயிற்சி பெற்றுச் செவிலியப் பணியாற்றுகின்றனர். “பயப்படாதீங்க பாட்டி, நான் பக்கத்திலேயே இருக்கேன்” என்று தம் ஊர்ப் பேச்சிலேயே ஒரு பெண் கூறும்போது, முதியவளின் நடுக்கம் தணிகிறது. பாட்டி என்னும் அவ்விளி எந்த மருத்துவ நூலிலும் இல்லை. அது அப்பெண் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

சொற்பொருள்
முடக்குவாதம் – மூட்டுகள் வீங்கி விறைக்கும் நோய்
பிணியாளர் – நோயாளி
மூப்பு – முதுமை
விளி – அழைக்கும் சொல்

விடையளிக்க
1. இலவச அறுவைக்கும் பலர் வராததற்குரிய காரணங்கள் யாவை?
2. வறுமைக்குச் சான்று கேளாமை சரியா? ஏமாற்றுவோர் வந்தால் என்ன செய்வது? உம் கருத்தை எழுதுக.
3. உம் வீட்டு முதியோர் ஒருவரிடம், மருத்துவமனையில் தமக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் தமிழில் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.